ஆறு பத்தை அழித்த விரல்

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், போன வருஷம் வரைக்கும் நானும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து சிரித்திருப்பேன். ஏற்காட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு மெஷின் தானாக அணைகிறது, தானாகப் பேசுகிறது, ஏதோ காத்து கருப்பு புகுந்துவிட்டது என்று யாராவது கொண்டுவந்தால் முதலில் ஃபேனில் அடைத்திருக்கும் தூசியைத் தட்டுவேன், முக்கால்வாசிப் பேய் அதிலேயே ஓடிவிடும். பேயை நம்பவில்லை, சாமி ஆடுவதை நம்பவில்லை, இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால் ஜாதகத்தையும் நம்பவில்லை. ஏன் வேடிக்கை என்றால், என் கடைக்கு நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் அப்போது என் அண்ணன் நடத்தியது கம்ப்யூட்டர் ஜாதக நிலையம்.

அண்ணன் என்னைவிட எட்டு வயது பெரியவர். அப்பா இல்லாத வீட்டில் தங்கச்சி எனக்கு அவர்தான் எல்லாம். எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது, இன்னமும் என்னைக் கண்ணு, சாமி என்றுதான் கூப்பிடுவார். கல்யாணம் ஆகாமல் அவர் வீட்டிலேயே இருந்தேன், அண்ணி முகம் சுளித்ததில்லை, அவர் பிள்ளைகள் என் மடியில் வளர்ந்தார்கள். எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டால் ஊரே ஒரே பதிலைச் சொல்லும்: செவ்வாய் தோஷம். கேட்கிறவர்களுக்கு நானும் அதையே சிரித்துக்கொண்டு சொல்வேன்.

அண்ணனின் ஜாதக புரோகிராம் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தது. ஒரு எஸ்டேட் ஆபீஸ் கழித்துப் போட்ட பழைய மெஷினோடு வந்தது, யார் எழுதியது என்றே தெரியாது. திரையில் தமிழ் எழுத்து கோணல்மாணலாக வரும், பிரிண்டர் ஊரையே எழுப்புகிற மாதிரி கத்தும். புதிய சாஃப்ட்வேர் எத்தனையோ காட்டினேன், ஒன்றும் அவருக்குப் பிடிக்கவில்லை. மலைக்கிராமத்து ஜனங்களுக்கும் ஓரத்தில் ஓட்டை போட்ட அந்தத் தாளில் வந்தால்தான் ஜாதகம். போன ஐப்பசியில் அந்த மெஷின் டக் டக் என்று ஹார்டு டிஸ்க்கைத் தட்ட ஆரம்பித்தது. இனி பிழைக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இந்த மாதிரி வேலைக்கு இப்போது ஒரு வழி இருக்கிறது. உள்ளங்கை அளவுக்கு ஒரு போர்டு வருகிறது, ஃபோன் சார்ஜரில் ஓடுகிற முழு கம்ப்யூட்டர். அதில் எமுலேட்டர் என்று ஒரு புரோகிராமைப் போட்டால் அது பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கும், உள்ளே இருக்கிற டாஸ், தான் இருபது வருஷத்துக்கு முந்தைய மெஷினில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு வேலை செய்யும். பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து அதற்குள் வைத்துவிட்டால் போதும். அண்ணனிடம் சொன்னேன்.

"டிஸ்க்க முழுசா எடுத்துப் போட்டர்றேனுங்க அண்ணா. பழைய ஜாதகமெல்லாம் அப்படியே வந்துரும்."

அவர் தாளை மடித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "பழசெல்லாம் எதுக்குக் கண்ணு. செத்தவங்க பாதி, ஊர உட்டுப் போனவங்க பாதி. புரோகிராம மட்டும் எடுத்துப் போடு, போதும்."

சரி என்று சொன்னேன். சொன்னேனே தவிர, முழுசாகத்தான் எடுத்தேன். எதையும் பாதியாகச் செய்ய எனக்கு வராது, அது என் புத்தி.

அது ஒரு வியாழக்கிழமை. அண்ணன் காலை பஸ்ஸிலேயே சேலம் போயிருந்தார். இதெல்லாம் நடுராத்திரியில் நடந்தது என்று சொன்னால் உங்களுக்கு ஒதுக்கித் தள்ள வசதியாக இருக்கும், ஆனால் நடந்தது பகல் பன்னிரண்டரைக்கு. பனி இறங்கி எதிர்க்கடைப் பலகை தெரியவில்லை, அவ்வளவுதான், அது எங்களுக்குப் புதிது இல்லை. இன்டர்நெட் காலையிலிருந்தே இல்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், யாரோ வெளியே இருந்து இயக்கியிருப்பார்கள் என்று பிறகு சொல்வீர்கள்.

போர்டில் எல்லாம் ஏற்றிவிட்டேன். புரோகிராம் ஓடியது, ஆனால் தலைதெறிக்க ஓடியது, ஒரு பட்டனைத் தட்டினால் நாலு பக்கம் தள்ளிப் போய் நின்றது. அதனால் எமுலேட்டரில் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, அண்ணனின் பழைய மெஷின் எந்த வேகத்தில் ஓடியதோ சரியாக அந்த வேகத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். அப்புறம், ஸ்விட்சைப் போட்டதும் நேராக ஜாதகத்துக்குள் போகிற மாதிரி செய்தேன், அண்ணனுக்கு அதற்குமேல் தெரியாது. இதற்குள் திரை மூலையில் மின்னல் குறி வந்துவிட்டது. சார்ஜர் சக்தி போதவில்லை என்று அந்தப் போர்டு புலம்புகிற குறி அது. பாரத்தைக் குறைக்கலாம் என்று கீபோர்டைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தது. போர்டு தானாக எழுந்தது, டாஸ் வந்தது, தேதி காட்டியது. இந்தப் போர்டுகளுக்குள் கடிகார பேட்டரி கிடையாது, கரண்ட் போய் வந்தால் எப்போது கடைசியாக ஓடியதோ அந்த நேரத்தைச் சொல்லும், நெட் கிடைத்தால்தான் திருத்திக்கொள்ளும். அதனால் கரண்ட் போவதற்குச் சற்று முந்தைய நேரம் வந்திருக்க வேண்டும். வந்தது இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு தை மாதத்து வியாழக்கிழமை. தேதி சும்மா உளறுகிறது என்றுதான் நினைத்தேன். அந்தத் தேதி எனக்கு ஏன் தெரிந்ததாக இருக்கிறது என்று யோசிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை, ஏனென்றால் புரோகிராம் திறந்து, புது ஜாதகம் என்கிற பக்கத்துக்குப் போய், பெயர் என்கிற இடத்தில் ஒவ்வொரு எழுத்தாக விழ ஆரம்பித்தது.

ஜோ. கொஞ்சம் இடைவெளி. தி. என் பெயர்.

கீபோர்டு என் மடியில். அதன் வயர் நுனி என் செருப்புக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது, இரண்டு தடவை குனிந்து பார்த்தேன். பயம் அப்போது வரவில்லை, ஏதோ பழைய ஜாதகம் திறக்கிறது போல என்று மனசு ஒரு சமாதானம் தேடியது. ஆனால் சேமித்து வைத்த ஜாதகம் மொத்தமாக ஒரே வீச்சில் வந்து விழும். இது யாரோ அடிக்கிற மாதிரி வந்தது. அதுவும் ஒற்றை விரலில், எழுத்தைத் தேடித் தேடி, ஒரு எழுத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூச்சு விட்டு. அந்த நடை எனக்குத் தெரியும். பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருபத்து நாலு வருஷமாகக் கேட்கிற நடை அது.

பிறந்த நேரம்: காலை 6:10. சரிதான், முதல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு சேலத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் நான் பிறந்தேன் என்று அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். திரையில் கட்டம் விழுந்தது. கீழே செவ்வாய் தோஷம் என்கிற வரி, அதற்கு எதிரே 'இல்லை'.

இல்லை என்று வந்ததைப் பார்த்து நான் சிரித்தேன், சத்தியமாகச் சிரித்தேன். எமுலேட்டர் எங்கோ கணக்கில் பிசகுகிறது என்று நினைத்தேன். அப்போது கர்சர் மேலே போனது. பத்தின் மேல் நின்றது. அழித்தது. 6:40 என்று அடித்தது. இல்லை. மறுபடி மேலே போனது, கொஞ்சம் நின்றது, அழித்தது. 7:10. இல்லை.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஜாதகத்தில் பிறந்த நேரத்தைக் கொஞ்சம் தள்ளினால் லக்னம் மாறும், லக்னம் மாறினால் செவ்வாய் உட்காருகிற வீடு மாறும். தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே எனக்கு இது தெரியும். திரையில் யாரோ அரைமணி அரைமணியாக என் பிறப்பைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள், அந்த 'இல்லை' எப்போது மாறும் என்று பார்த்துக்கொண்டே.

7:10-ல் நின்றது. இருபது நிமிடம் அப்படியே நின்றுவிட்டது. கர்சர் மட்டும் சிமிட்டியது. ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்தேன், ஆனால் எழுந்து போக முடியவில்லை. டீக்கடை அக்கா வைத்துவிட்டுப் போன டீ ஆடை கட்டி ஆறிப்போனது. அந்த இருபது நிமிடத்தில்தான் அந்தத் தை மாதம் எனக்கு ஞாபகம் வந்தது.

ராஜேந்திரன் என்று ஒருவர். மஞ்சக்குட்டைக்காரர், கொட்டச்சேடு பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். வாரா வாரம் மழை அளவு பிரிண்ட் எடுக்க எங்கள் கடைக்கு வருவார், ஒரு பக்கத்து பிரிண்டுக்கு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டு நிற்பார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. நொம்பவே பிடித்திருந்தது, இத்தனை வயதில் இதைச் சொல்ல என்ன வெட்கம். எங்கள் அம்மா அப்போது படுத்த படுக்கை, நான்தான் பார்த்துக்கொண்டேன். ராஜேந்திரனின் அம்மா பெண் கேட்டு வந்தார்கள், ஜாதகம் மட்டும் பார்த்துவிடலாம் என்றார்கள், அண்ணன் நானே பார்க்கிறேன் என்றார். அந்த வியாழக்கிழமை சாயங்காலம் கையில் தாளோடு வாசல்படியில் வந்து உட்கார்ந்தார், கண் கலங்கியிருந்தது.

"கண்ணு, செவ்வா இருக்குது சாமி. அந்தப் பையனுக்கு இல்ல. நானென்ன பண்ணட்டும்."

சொல்லிவிட்டு அழுதார். நான்தான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துத் தேற்றினேன். "உடுங்கண்ணா, இதுக்குப் போயி அழுவாங்களா" என்றேன். அந்தத் தாளை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நம்பாதவள் எதற்குப் பார்ப்பாள்? நம்புகிற பெண்ணாக இருந்திருந்தால் முதல் வரியிலேயே பிறந்த நேரம் தப்பு என்று கண்டுபிடித்திருப்பாள். என் பகுத்தறிவு எனக்குச் செய்த உபகாரம் அவ்வளவுதான். ராஜேந்திரன் ஒரு தடவை வந்தார், "அம்மா ஒத்துக்க மாட்டீங்கறாங்க" என்றார், நான் இவ்வளவுதானா நீங்கள் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாக அந்த மனுஷனைக் கோழை என்றே நினைத்திருந்தேன்.

திரையில் கர்சர் அசைந்தது. 7:10-ஐ அழித்தது, இந்தத் தடவை தேடவில்லை, தயங்கவில்லை. 7:40. கட்டம் மாறியது. செவ்வாய் தோஷம்: உண்டு. அடுத்த நொடி, சேமிக்கவா என்று கேட்டதற்கு ஆம் என்று விழுந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் பிரிண்டர் ஒரே ஒரு தரம் கிறீச்சென்றது. அது போர்டோடு இணைக்கப்படவே இல்லை.

அப்போதுதான் கீபோர்டை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தேன். பயத்தில் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

நம்பாதவர்களுக்காகச் சொல்கிறேன், அப்புறம் எல்லாவற்றையும் சோதித்தேன். பழைய டிஸ்க்கில் என் ஜாதகம் இருக்கிறது, நேரம் 7:40, சேமித்த நாள் அந்தத் தை மாதத்து வியாழக்கிழமை. இறந்துபோன அம்மாவின் டிரங்குப் பெட்டியில் அந்தத் தாளும் கிடைத்தது, அதிலும் 7:40. இதுவரைக்கும் எல்லாம் கணக்குக்குள் அடங்கும். ஆனால் ஒரு டிஸ்க் கடைசியில் சேமித்ததைத்தான் வைத்திருக்கும். அழித்துவிட்டு வேறு அடித்ததை, நடுவில் நின்றதை, இருபது நிமிடம் யோசித்ததை எந்த டிஸ்க்கும் வைத்திருக்காது. தட்டுகிற ஒவ்வொரு பட்டனையும் பதிந்து வைக்கிற திருட்டு புரோகிராம்கள் உண்டு, அப்படி ஏதாவது இருக்கிறதா என்று ஃபைல் ஃபைலாகத் தேடினேன். இல்லை.

சாயங்காலம் அண்ணன் வந்தார், எனக்குப் பிடிக்கும் என்று சேலத்திலிருந்து தட்டுவடை வாங்கி வந்திருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"என் ஜாதகத்துல நேரம் தப்பா இருக்குதுங்க அண்ணா" என்றேன். இவ்வளவுதான் சொன்னேன். திரையில் பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார் என்று பயம்.

அவர் பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "டிஸ்க்க முழுசா எடுத்துப் போட்டியா?"

"ஆமாங்க."

கீழே உட்கார்ந்தார். பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்தார்.

"மூணு தடவ தள்ளித் தள்ளிப் பாத்தேன் கண்ணு. மூணு தடவையும் தோஷம் வர்ல. சரி, சாமியே வேண்டாங்குதுன்னு எந்திரிச்சுட்டேன். எந்திரிச்சுப் போயி அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுனேன். எங்கையில வாங்க மாட்டேன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. உம்பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்படறாங்க. நீ போயிட்டா அம்மாவ யாரு பாக்கறது, கடையில அந்தக் கம்ப்யூட்டர் கருமத்தையெல்லாம் யாரு ஓட்டறதுன்னு வந்துருச்சு. அப்பறந்தான் வந்து நாலாவது…"

மூன்று தடவை. எழுந்து போனது. நாலாவது. நான் எதையுமே அவரிடம் சொல்லவில்லை. ஆனால் என் வாய் வேறு ஒன்றைத்தான் கேட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல? போவாத கண்ணு, இருன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"கேட்டிருந்தா நீ இருந்திருப்ப" என்றார் அண்ணன். "அதனாலதான் கேக்கல. எனக்காக இருக்கறேன்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் உம்மூஞ்சிய நா எப்படி சாமி பாக்கறது. செவ்வா மேல போட்டுட்டா நம்ம ரெண்டு பேருக்கும் நிம்மதின்னு நெனச்சேன்."

எனக்கு அவர் செய்ததுகூட ஆறிவிடும் போலிருந்தது, இந்த நிம்மதி என்கிற வார்த்தைதான் ஆறவில்லை. வாசல்படியில் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேனே, அதை வாங்கிக் குடித்தாரே, அந்த டம்ளரைத்தான் நினைத்து நினைத்துப் பார்த்தேன்.

ஒரு மாதத்தில் கொட்டச்சேடு ரோட்டில் ஒரு அறை பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன், சர்வீஸ் வேலையும் இங்கேதான். அவர் கேட்டபடியே புரோகிராமை மட்டும் வேறொரு போர்டில் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன், அது இன்றைக்கும் நன்றாகவே ஓடுகிறதாம். ராஜேந்திரனை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், நானாகப் போய் "நல்லா இருக்கீங்களாங்க ரைட்டரே" என்று கேட்டேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. இத்தனை வருஷம் முகம் கொடுக்காதவள் பேசுகிறாளே என்று திகைத்துப்போய், "இருக்கறனுங்க" என்றார். பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிற மனுஷனிடம் இதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது, சொல்லவில்லை.

முதல் போர்டு என்னிடம்தான் இருக்கிறது. கடிகாரத்துக்கு பேட்டரி வாங்கிப் போட்டுவிட்டேன், தேதி சரியாகவே காட்டும். ஆனால் பகலில் பனி இறங்கி கரண்ட் போய் வருகிற சில நாட்களில் அந்தத் தை மாதத்து வியாழக்கிழமையைக் காட்டுகிறது. பெயர் விழுகிறது, ஆறு பத்து விழுகிறது, அழிகிறது, ஆறு நாற்பது, அழிகிறது, ஏழு பத்து. அங்கே வந்து நிற்கும். நாலாவதை நான் மறுபடி பார்த்ததே இல்லை, இருபது நிமிடம் ஆவதற்குள் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன்.

போன வாரம் ஒரு லேப்டாப் வேலையில் மறந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது ஒரு மணி நேரம் தாண்டியிருந்தது. ஏழு பத்து அப்படியே இருந்தது, கர்சர் சிமிட்டிக்கொண்டிருந்தது, எதிரே இன்னும் 'இல்லை'. கஞ்சி ஊட்ட எழுந்து போனவர் இந்தத் தடவை திரும்பி வரவே இல்லை. அங்கேயே உட்கார்ந்து இருட்டுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வெளியே, படியில், அண்ணன் கழற்றுகிற மாதிரியே யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. போய்க் கதவைத் திறந்து பார்க்கவில்லை. நாலாவது விழுவதற்குள், முதலில் பிளக்கைப் பிடுங்கினேன்.